ஏது தோன்றுமுன் தோன்றும் துணிவு



திருமுறை வகுப்பிற் பயிலும் பத்து வயதுச் சிறுவன் ஒருவனை, அவன் இலக்கணநூல் எதனையும் தொடுதற்கு முன்னரே, அடியேன் ஒருநாள் சில சொற்களைச் சேர்த்துக் கூறுமாறு கேட்டேன். வாழை, காய் என்றதற்கு 'வாழைக்காய்' என்றான். ஊறு, காய் என்றதற்கு 'ஊறுகாய்' என்றான். முன்னையதிற் ககரம் மிக்கது, பின்னையதில் மிகவில்லை, காரணம் யாது என வினவ, "அப்படித்தானே ஐயா சொல்லுவார்கள்" என்றான். கேட்டுப் பழகிய சொற்களாதலின் நினைவிலிருந்து எடுத்துக் கூறினன் போலும் என ஐயுற்று, அவன் கேட்டிராத தொடர்களைக் கொடுத்தேன். பாய் விற்கும் கடையைப் 'பாய்க்கடை' என்றும், பாய்ந்து செல்லும் குதிரையைப் 'பாய்குதிரை' என்றும் சிறிதும் தயங்காது கூறினான். ஒலியளவில் ஒன்றேயாகிய சொல், பெயராய் நின்றவழி வல்லெழுத்து மிகுதலையும் வினையாய் நின்றவழி மிகாமையையும் அவன் செவி அறிந்திருந்தது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்னும் விதி அவனிடத்து இருந்தது. அவ்விதி தன்னிடத்து இருப்பதனை அவன் அறிந்திலன்.

பெற்றிருந்தும் பெற்றமை அறியாத இவ்வறிவு யாது, அஃது எவ்வாறு படிப்படியாக அறிந்த அறிவாக மாறுகின்றது என்பதே இன்று நாம் ஆராயப் புகுந்த பொருள். இதனை உலகியல் உளநூலாரும் சென்ற அறுபதாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். அவர் கண்டவற்றுள் நமக்கு வேண்டுவனவற்றை முதற்கண் கூறிப் பின்னர் நம் நூல்வழி நின்று நோக்குவாம். இவ்வாராய்ச்சி நமக்கு வேண்டப்படுவது பிறர் ஊரின் புதுமை கேட்டு வியத்தற்கன்று. காரணம் தெரியாது உள்ளத்தெழும் துணிவு ஒவ்வொன்றையும் 'திருவருள் உணர்த்திற்று' எனக் கூறும் வழக்கம் நம்மவரிடையே பெருகி வருதலானும், அதனை மறுக்கப் புகுந்தோர் உயிர்க்கு அருள் உணர்த்துதல் என்பதே இல்லையென மறுதலைக்கட் செல்லுதலானும், இரண்டற்கும் நடுவே எல்லை காண்டல் இன்றியமையாததாயிற்று.

அமெரிக்க உளநூலறிஞர் ஆர்தர் ரீபர் என்பார் 1967-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். பி, எஸ், டி, வி, எக்ஸ் என்னும் ஐந்து ஆங்கில எழுத்துக்களை மட்டும் கொண்டு, எதன்பின் எது வரலாம் என்பதற்கு மறைவாக ஒரு விதி வகுத்து, அவ்விதிக்கேற்ப எழுத்துத் தொடர்கள் பலவற்றை அவர் அமைத்தார். மாணாக்கர்க்கு விதியொன்று உண்டு என்பதே கூறப்படவில்லை; மனப்பாடம் செய்க என்பதே கட்டளை. மனப்பாடம் முடிந்த பின்னர், இத்தொடர்கள் ஒரு விதியின்பாற்பட்டவை என அறிவித்து, புதிய தொடர்களைக் காட்டி, இவற்றுள் விதிக்கு அடங்குவன எவை, அடங்காதன எவை எனப் பிரிக்குமாறு கேட்டார். குருட்டுத்தனமாகச் சொன்னால் பாதியே பொருந்தும். அவர்களோ அதனினும் மிகக் கூடுதலாகச் சரியுறப் பிரித்தனர். விதி யாது எனின், அதனை எடுத்துரைக்க மாட்டாராயினர். சிறுவன் வாழைக்காய்க்கும் ஊறுகாய்க்கும் கூறிய விடையே அவர் விடையும் ஆயிற்று.

1987-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்து மேரி ஜோ நிசன், பீட்டர் புல்லமர் என்னும் இருவர் பிறிதொரு வகையால் இதனைச் சோதித்தனர். நான்கு இடங்களுள் ஒன்றில் விளக்கொளி தோன்றும். தோன்றிய இடத்திற்குரிய பொத்தானை விரைந்து அழுத்தல் வேண்டும். ஒளி தோன்றும் வரிசை பத்துக்கு ஒருமுறை மீள மீள வருவது. சோதனைக்குட்பட்டோரின் விரல்கள் அவ்வரிசைக்குப் பழகி விரைவு பெற்றன. கோர்சக்கோவ் நோயால் நினைவாற்றல் கெட்டோரும் அவ்வாறே விரைவு பெற்றனர். ஆயினும் வரிசையொன்று மீண்டுவந்ததை அவர்கள் உணரவில்லை. ஓலியெண்ணுதல் போன்ற வேறொரு வேலையையும் உடன் கொடுத்துக் கவனத்தைப் பிரித்தபோது அச்சோதனையில் அவ்விரைவு தோன்றவில்லை என்பதும் ஈண்டுக் கருதற்பாலது. எனவே, அறியாது கற்றல் என்பது கவனியாது கற்றல் அன்று.

இனி, உள்ளுணர்வு எந்நிலையில் எழுந்து எந்நிலையில் தெளிவாகின்றது என்பதனைப் படிப்படியாகக் காட்டப் புகுந்தது அயோவா பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த சீட்டுச் சோதனை. அந்தோயின் பெசாரா, அந்தோனியோ தமாசியோ முதலியோர் 1997-இல் அதன் முடிபுகளை வெளியிட்டனர். அதனைச் சற்று விரித்தே கூறுதல் வேண்டும். நான்கு சீட்டுக்கட்டுகள் முன்வைக்கப்படும். முதலிரண்டு கட்டுகளில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டாலர் ஆதாயம்; பின்னிரண்டில் 50 டாலரே. ஆயின் முதலிரண்டில் இடையிடையே வரும் இழப்புப் பெரிது. பத்துச் சீட்டு எடுப்பின் முடிவில் 250 டாலர் நட்டமே மிஞ்சும். பின்னிரண்டில் இழப்புச் சிறிது. பத்துச் சீட்டுக்கு 250 டாலர் ஆதாயம் நிற்கும். பணம் விளையாட்டுப் பணமே. ஆடுவோர்க்கு இவையொன்றும் தெரியா. நூறு சீட்டு எடுக்குந்துணையும் அவர்தம் தோலில் வியர்வையால் மின்கடத்தும் தன்மை மாறுபடுவது அளக்கப்படும். இடையிடையே ஆட்டத்தை நிறுத்தி, 'இதிலென்ன நடைபெறுகின்றது என அறிகின்றீர், எவ்வாறு உணர்கின்றீர்' எனவும் வினவப்படும்.

குறைபாடற்ற பதின்மர் இதனை ஆடினர். ஏறக்குறையப் பத்தாஞ் சீட்டளவிலேயே, தீய கட்டின்மீது கை செல்லுமுன், அவர்தம் தோல் வியர்வையால் அச்சத்தைக் காட்டியது. வினவியபோதோ ஒன்றும் தெரியாதென்றனர். ஐம்பதாஞ் சீட்டளவில், 'இக்கட்டு எனக்குப் பிடிக்கவில்லை' என்பது போன்ற ஓர் ஊகத்தை வாயாற் கூறினர். எண்பதாஞ் சீட்டளவில் பதின்மருள் எழுவர் எது ஏன் தீது என விளங்கக் கூறினர். எஞ்சிய மூவர் இறுதிவரை காரணம் கூறமாட்டாராயினும் நல்ல கட்டுகளையே எடுத்து வந்தனர்.

மூளையின் முன்பகுதியில் கீழ்நடுவிடம் பழுதுற்ற அறுவரும் உடன் ஆடினர். அவர் தோலில் முன்னறிவிக்கும் வியர்வை எழவேயில்லை. அவருள் மூவர் எக்கட்டுத் தீது என்பதை முடிவில் அறிந்து வாயாற் கூறவுஞ் செய்தனர். கூறிவிட்டுத் தீய கட்டையே எடுத்தனர்! இதனைப் படித்தபோது அடியேன் புத்தகத்தை மூடிவைத்துச் சிறிதுபோது வாளாவிருந்தேன். நோயாளராகிய அவர்மீது குற்றமில்லை; நோயின்றியே நாம் நாடோறும் செய்வது இதுவன்றோ? கலை, வித்தை, அராகம் என்னும் மூன்றும் முறையே உயிரின் செயலையும் அறிவையும் இச்சையையும் எழுப்புவன என வேறு வேறாகவே வைத்து ஓதிய நம் ஆசிரியர், வித்தை விளக்கிய அளவானே செயல் அதன்வழிப் படும் என யாண்டும் கூறிற்றிலர்.

இனி இவற்றை நம் அளவை நூலால் நோக்குவாம். காரணம் புலனாகாது 'இது தக்கது, இது தகாதது' என எழும் அவ்வுணர்வை யாதென்பது? ஐயக்காட்சி என்னலாமோ எனின், அஃதன்று. ஐயம் தறியோ மகனோ என இருபாலும் ஊசலாடுவது, இஃது ஒருபாற் சாய்ந்து நிற்பது. நிருவிகற்பக் காட்சி என்பாரும் உளர். பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் வேறுபாடு தோன்றாது பொருளுண்மை மாத்திரையாய்க் காண்பது நிருவிகற்பம். அதன்பின் அவ்வேறுபாடுகளோடு கூட்டித் துணிவது சவிகற்பம். தெளியாமை முற்பட்டுத் தெளிவு பிற்படுதலாகிய ஒப்புமை ஈண்டு உளதாயினும், நிருவிகற்பம் ஒரு பொருளைக் கண்ட முதற்கணத்தது. சீட்டாடுவோர் உற்றது பல கணங்களிற் பல பொருள்களைக் கண்டு தொகுத்தது. ஆகலின் அதுவும் பொருந்தாது.

சிவஞானபோதத்தைப் பாடங்கேட்டார்க்கு வேறோர் இடம் நினைவுக்கு வரும். பன்னிரண்டு சூத்திரங்களும் 39 அதிகரணங்களாக வகுக்கப்பட்டு, மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என நிறுவப்படுதலை யாவரும் அறிவர். துணிபொருள் மேற்கோள்; அதற்குக் காரணம் ஏது; உலகறிந்த உவமை எடுத்துக்காட்டு. நூலில் மேற்கோள் முன்னும் எடுத்துக்காட்டுப் பின்னுமாக நிற்கும். இயல்பாகக் கற்கும் உயிரினிடத்தோ எடுத்துக்காட்டுக்களே முதற்கண் வந்து குவிகின்றன; அவை போதிய அளவு குவிந்தவழி மேற்கோள் எழுகின்றது; ஏதுவோ கடைசியில் வரினும் வரும், வாராதொழியினும் ஒழியும். எடுத்துக்காட்டால் விளைந்து ஏதுவைப் பெறாது நிற்கும் மேற்கோளே உள்ளுணர்வு என்பது அடியேன் கருத்து. சசெக்ஸ் பல்கலைக்கழகத்துச் சோல்தான் டீனிசு என்பாரும் ரையன் ஸ்காட்டு என்பாரும் 2005-இல் இதனோடு நெருங்கிய பாகுபாடு ஒன்றனைச் செய்தனர். ஒருவன் 'இத்தொடர் விதிக்கு அடங்கும்' எனத் தான் அறிவதை உணர்தல் வேறு. அவ்வாறு அறிதற்கு அடிப்படையாய தொடரின் அமைப்பை உணர்தல் வேறு. முன்னையது உளதாய்ப் பின்னையது இலதாயவழி அதனை உள்ளுணர்வு என்றும், முன்னையதும் இலதாயவழி வெறும் ஊகக்குறி என்றும் அவர் பிரித்தனர். ஆகவே உள்ளுணர்வு முழுதும் இருளன்று. துணிவு ஒளியில் நிற்க, காரணம் நிழலில் நிற்பதாகிய கலப்பு.

அற்றேல், ஏதுவின்றியே மேற்கோள் சரியாகின்றதெனின் ஏது எற்றுக்கு என வினவின், கூறுதும். எடுத்துக்காட்டு எத்தகையது, அதன்வழி எழும் மேற்கோளும் அத்தகையது. பிழைபடப் பாடுவாரிடமே பதிகம் கேட்டுப் பழகிய ஒருவர்க்குப் பிழையே பண்ணாகத் தோன்றும். செவ்விய பாட்டைக் கேட்டால் உள்ளம் ஒவ்வாது. அவர் துணிவும் செவ்விதிற் பயின்றார் துணிவும் உள்ளிருந்து நோக்குவார்க்கு ஒரே நிறத்தனவாம். உயிர் சார்ந்ததன் வண்ணமாதல் என்னும் நம் கொள்கைக்கு இதனினும் எளிய சான்று வேண்டுமோ? இரண்டையும் பிரித்தறிதற்கு ஏதுவே கருவி.

ஈண்டு ஒரு திருத்தமும் கூறுதல் வேண்டும். அயோவா சோதனையைக் கேட்டோர் பலர், அறிவு விழித்தற்கு முன்னரே உடல் அறிந்துவிடுகின்றது எனப் பெருமுழக்கம் செய்தனர். 2004-இல் தியாகோ மாயா, ஜேம்சு மெக்கிளெலண்டு என்னும் இருவர் அதே ஆட்டத்தை ஆடச்செய்து, 'என்ன அறிகின்றீர்' எனப் பொதுப்பட வினவாது, ஒவ்வொரு கட்டையும் குறித்து நுணுக்கமாகவும் வரிசையாகவும் வினவினர். நன்றாக ஆடத் தொடங்கியவர்கள் அப்போதே எக்கட்டு நல்லது என்பதையும் பெரும்பாலும் கூறவல்லராயிருந்தமை வெளிப்பட்டது. முன்னையோர் அறியாமை எனக் கொண்டதிற் பெரும்பகுதி வினாவின் குறையே போலும். உள்ளுணர்வு என்பதே இல்லை என இதனாற் கொள்ளற்க. ரீபர் கண்டதும் நிசன் கண்டதும் வேறுவகைச் சோதனைகள். ஆயினும் அறிவுக்கும் அறியாமைக்கும் இடையே நாம் கிழிக்கும் கோடு, கேட்பவன் எவ்வாறு கேட்கின்றான் என்பதைப் பொறுத்து நகர்கின்றது. உண்மை விளக்கம் முழுதும் திருவதிகை மனவாசகங்கடந்தார் வினவ மெய்கண்டார் விடையிறுக்கும் முறையில் அமைந்ததும், அருணந்தி சிவாசாரியார் தம் இருபா இருபஃதில் ஆசிரியரை நோக்கி வினாமேல் வினா அடுக்கியதும் வெறும் நூல்மரபென எண்ணியிருந்த அடியேனுக்கு, மாணாக்கன் தன்னிடம் உள்ளதனைத் தானே காண்பதற்கு வினா இத்துணை இன்றியமையாததென்பது இப்போதுதான் உறைத்தது.

பிறர் முழக்கத்தைக் குறைகூறிய வாயால் என் பிழையையும் கூறிவிடுதல் முறை. செர்மனி நாட்டு லூபெக் நகரில் உல்ரிக் வாக்னர், யான் போர்ன் முதலியோர் 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று உண்டு. எண்களைக் கொண்ட கணக்கொன்றில் மறைந்துகிடக்கும் குறுக்குவழியை, இடையே எட்டு மணிநேரம் உறங்கி எழுந்தவர்களுள் கண்டுகொண்டோர், உறங்காதிருந்தவர்களுட் கண்டோரைப் போல் இருமடங்கிற்கும் மேற்பட்டனர். நம் நூல்கள் சாக்கிரத்தில் 35 கருவிகளும், சொப்பனத்தில் 25-உம், சுழுத்தியிற் சித்தம், பிராணன், புருடன் என்னும் மூன்றுமே நிற்கும் எனக் கூறுதலின், ஏனைக் கருவிகள் ஒடுங்கியபோதும் சிந்திக்குந் தொழிலுடைய சித்தம் ஒடுங்காது நின்று ஏதுவைத் தேடுகின்றது; இதனை மேனாட்டாரும் கண்டனர் என ஒரு மடத்துச் சொற்பொழிவில் அடியேன் பெருமகிழ்ச்சியோடு பேசினேன். அவையோரும் மகிழ்ந்தனர். பின்னர் 2021-இல் பிரான்சு நாட்டார் அவ்வகைக் கணக்கையே கொண்டு செய்த சோதனை வந்தது. உறக்கத்தின் வாயிலாகிய மெல்லுறக்கத்தில் பதினைந்து நொடியேனும் இருந்தவர்களுள் 83 விழுக்காட்டினர் குறுக்குவழி கண்டனர்; விழித்தேயிருந்தவர்களுள் 30 விழுக்காட்டினர்; அதனைக் கடந்து ஆழ்ந்த உறக்கத்திற் சென்றவர்களுளோ 14 விழுக்காட்டினரே! அடியேன் கூறியபடி சுழுத்தியே காரணமாயின் கடைசி எண்ணன்றோ பெரிதாதல் வேண்டும்? அடுத்த முறை அம்மடத்திற்குச் சென்றபோது அதே அவையில் இதனைக் கூறித் திருத்திக்கொண்டேன். முதல் நாளிற் போல அவ்வளவு பேர் மகிழவில்லை. நம் அவத்தைக் கொள்கை ஆகமப் பிரமாணத்தாலும் அநுபூதியாலும் நிற்பது. சீட்டாட்டத்தையும் எண்கணக்கையும் முட்டுக்கொடுத்து நிறுத்தினால், அம்முட்டுச் சாயுங்காலத்து அதுவும் சாய்ந்ததென்பார்க்கு நாமே இடங்கொடுத்தவராவோம்.

இனித் திருவருள் பற்றிய வினா. நெடுங்காலம் ஒரு தொழிலிற் பயின்ற கொத்தனார் சுவரைத் தட்டிப்பார்த்து உள்ளே ஈரம் என்கின்றார். அநுபவம் மிக்க மருத்துவர் நாடியைத் தொடுமுன்னர் நோயாளியின் முகத்தைக் கண்டு கவலை கொள்கின்றார். மடத்திற் பல்லாண்டு பழகிய கட்டளைத் தம்பிரான், புதிதாக வந்த ஒருவரை நோக்கிய அளவில் 'இவர் நிலையார்' என்கின்றார். இவையெல்லாம் கருவிகளின்வழிப் பன்முறை பெற்ற எடுத்துக்காட்டுக்களின் விளைவு என மேற்கூறியவற்றாற் பெறப்படும். கருவிவழி வரும் அறிவு, எத்துணை விரைந்து வரினும், காரணம் தோன்றாது வரினும், பாசஞானமே. தோன்றிய வாயில் மறைந்திருத்தல் பதிஞானத்தின் இலக்கணமாகாது. அத்தம்பிரான் தம் சொல்லைத் திருவருளின் குறிப்பெனக் கொண்டு ஒருவரை வாயிலிலேயே விலக்குவாராயின், பிழைபட்டவழி அதனைத் திருத்துவார் யார்? அருளின்மேல் வைத்த துணிவை ஆராய ஒருவரும் துணியார். விலக்குண்டவரோ தம்மை அருளே விலக்கிற்றென எண்ணி வாழ்நாள் முழுதும் வருந்துவர். அடியேன் கண்டறிந்த ஒருவர்க்கு இவ்வாறு நேர்ந்ததுண்டு. அதனாலேயே இதனை இத்துணை வற்புறுத்துகின்றேன்.

அங்ஙனமாயின், காழியில் மூன்றாம் ஆண்டிலே ஞானப்பாலுண்டு ஓதாதுணர்ந்த பிள்ளையார் உணர்வும் இவ்வாறு வந்ததே என ஒருவன் கூறுமே எனின், கூறான். கூறின் அவன் இச்சோதனைகளையே அறிந்திலன். இவை ஒவ்வொன்றும் கற்றோர்முன் எடுத்துக்காட்டுக்கள் பல வைக்கப்பட்ட பின்னரே அவர்தம் துணிவை அளந்தன. எடுத்துக்காட்டு உளதாயவழி, அதனின் விளைந்த துணிவுக்கு அருளின் தனிச்செயலைக் கற்பித்தல் மிகை. எடுத்துக்காட்டே இலதாயவழி இச்சோதனைகட்கு அங்கே பேச்சில்லை. பிள்ளையார்பால் நிகழ்ந்தது தொண்டர்புராணத்தால் நாம் தெளியும் பொருள். அதனை இவை நிறுவவும் மாட்டா, மறுக்கவும் மாட்டா.

இன்னொன்று எஞ்சுகின்றது. தனிச்செயல் மிகையென்றதனால், பயிற்சியால் வந்த அறிவில் இறைவனுக்கு இடமே இல்லையெனக் கொள்வாரும் பிழைப்பர். எண்பதாஞ் சீட்டளவில் ஏது விளங்கிற்று என்றோமே, அதனை ஆடுவோன் தன் கட்டளையால் வருவித்தானோ? வருக என்று அழைத்திருப்பின் பத்தாஞ் சீட்டிலேயே அழைத்திருப்பான். விளங்கியபோது விளங்கக் கண்டான், அத்துணையே. கருவிகள் சடம், உயிர் அறிவிக்க அறிவது, ஆதலின் அறியும் அறிவு எதுவாயினும், கொத்தனாரின் ஈரச் சுவராயினும், காட்டும் உபகாரமும் காணும் உபகாரமும் இன்றி நிகழாது என்பது பதினொராஞ் சூத்திரத்தின் பொருளுணர்ந்தார் துணிபு. அவ்வுபகாரம் எல்லா அறிவிற்கும் பொது. பொதுவாய் நிற்கும் அதனைத் தன் ஊகம் ஒன்றற்கு மட்டும் சிறப்பாக்கி, 'எனக்கு உணர்த்திற்று' எனத் தனியுரிமை கொண்டாடுதலையே அடியேன் மறுத்தது.

முதலிற் கூறிய சிறுவனுக்கு அன்றே வினைத்தொகை இன்னதென விளக்கி, ஊறுகாய், சுடுகாடு, ஊதுகுழல், ஊதுபத்தி என எடுத்துக்காட்டி, வல்லினம் மிகாமைக்கு ஏதுவும் கூறினேன். மறுநாள் வந்தவன் சம்மணமிட்டு அமர்வதற்கு முன்னரே, "அப்படியானால் ஐயா, வெட்டுகிளி என்று சொல்லாமல் வெட்டுக்கிளி என்று ஏன் சொல்லுகிறோம்?" என்றான். அறுபது ஆண்டுகளாக அச்சொல்லைப் பிழையின்றிச் சொல்லி வந்த எனக்கு விடை நாவில் இல்லை. 'வெட்டு' என்பது ஆண்டு வினையாய் நில்லாது தொழிற்பெயராய், வன்றொடர்க் குற்றியலுகரமாய் நின்றது என்பதனைத் தேடி எடுத்து அவனிடம் கூறும்போது விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது.